பினாங்குச் சேற்றுக்கரையில் ஒரு வழிகாட்டி நடை: மதிப்புரை

கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக்கரைக்கு அழைத்துச் சென்று, சேறு, கடல், காற்று என்று கந்தகம் மாறி மாறிச் செல்லும் சுழற்சியைத் தமிழில் விளக்கும் இந்த நடை, வாங்கும் கட்டணத்துக்கு முழுத் தகுதியுடையது. வழிகாட்டியான அக்கா ஒரு சாண் ஆழம் தோண்டிக் காட்டினார். மேலே பழுப்பாக இருந்த சேறு, விரலளவு கீழே மை போல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசியது. பிராணவாயு எட்டாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள கந்தகச் சேர்மமான சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து, அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அது இரும்புடன் சேர்வதால்தான் அந்தக் கறுப்பு.

கடற்காற்றின் மணத்துக்குக் காரணமான டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம் பற்றிய பகுதியே என்னை மிகவும் ஈர்த்தது. நுண்பாசிகள் தம் உடலில் சேர்த்து வைக்கும் டி.எம்.எஸ்.பி. என்னும் சேர்மம், அவை மடியும்போதும் பிற உயிர்களுக்கு இரையாகும்போதும் நீரில் கலக்கிறது. அதில் பெரும்பங்கைப் பாக்டீரியாக்கள் தம் கரிமத் தேவைக்கும் கந்தகத் தேவைக்கும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் ஒரு பகுதியே டைமெத்தில் சல்ஃபைடாகி, அதிலும் சிறிதளவே காற்றில் ஏறி, மேகத்துளிகளுக்கு வித்தாகும் சல்ஃபேட் துகள்களாக மாறுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் பின்தொடரும்படி அவர் இதைப் படிப்படியாகச் சொன்னது பாராட்டுக்குரியது.

பருவங்களைப் பற்றிய விளக்க அட்டைதான் குறை. வசந்தத்திலும் கோடையிலும் நுண்பாசி பெருகி, குளிர்காலத்தில் குறையும் மிதவெப்பக் கடல்களையே அது காட்டுகிறது. வெயிலும் வெப்பமும் ஆண்டு முழுதும் நிலைத்திருக்கும் நம் கடலுக்கு, பருவக்காற்றையும் மழையோடு இறங்கும் ஆற்றுநீரையும் வைத்துத் தனி அட்டை அவசியம்.

சேறு கணுக்காலுக்கு மேல் ஏறும். பழைய காலணியே போதும்.