நெஞ்சுப் பட்டி, வீஆர், ஹட்டன் குளிர்: நீண்ட நாள் பாவித்த அனுபவம்

தலையில் மாட்டிப் பார்க்கும் வீஆர் கருவி குவெஸ்ட் 2 செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியிருக்கிறது, நீ அக்காவோடு பாவிக்கிற அந்த இதயத் துடிப்பு காட்டும் சாமானையும் சேர்த்து வாங்கவா என்று பண்டாரவளை நண்பன் கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா தோஹாவில் தாதி, நான் இலங்கை மலைநாட்டு ஹட்டனில். ஆளுக்கொரு உருவத்தில் போய்ப் பேசிக்கொள்ளும் வீஆர் உலகமான விஆர்சாட்டில் சந்திப்போம். உடம்பில் கட்டிய சென்சார் போனுக்கு அனுப்பும் துடிப்பு ஓஎஸ்சி என்ற தகவல் அனுப்பும் முறை வழியாக அவதாரின், அதாவது அங்கே நமக்கிருக்கும் உருவத்தின், நெஞ்சில் விளக்காக எரியும்.

எரிச்சலே அந்த விளக்குதான். துடிப்பு கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம், அதோடு சிவப்புக்குப் பக்கத்தில் 'பதற்றம்' என்று எழுத்து வேறு. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படியேறி வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் துடிப்பு கூடாது? சிரித்தாலும் கூடும், பயந்தாலும் கூடும். உடம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும், எதற்காக என்பது தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்த அக்கா, "என்னடா தம்பி, அம்மாவுக்கு ஏதுமா?" என்றுதான் தொடங்குவாள். தூரத்தில் இருப்பவளை வீணாகப் பயமுறுத்துகிற ஒரு சொல்லை யார் யோசித்து வைத்தார்களோ!

முதலில் வாங்கிய கைப்பட்டி இன்னும் மோசம். அது பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. ஜனவரி இரவில் கை விறைத்து இரத்தக் குழாய்கள் சுருங்கினால் எண் தாறுமாறாகப் போகும். திருத்தக் கொடுத்து வாங்கியும் அதே கதைதான். அப்புறம் போலார் எச்10 நெஞ்சுப் பட்டிக்கு மாறினேன். அது இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் குளிர் அதை அசைப்பதில்லை. கட்டுமுன் பட்டியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், அந்த ஈரம் நெஞ்சில் படும்போது உயிர் போய் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விடவில்லை என்றால், மூச்சு. நிமிடத்துக்கு ஆறு தடவை அளவில் மெதுவாக மூச்சு விட்டால், உள்ளே இழுக்கும்போது துடிப்பு கூடி, வெளியே விடும்போது குறையும், விளக்கும் அதோடு ஏறி இறங்கும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எப்போதும் "நான் நல்லா இருக்கேன்" என்பவளின் விளக்கு அன்று அடங்கவே இல்லை. எதுவும் பேசாமல் எதிரே உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளும் என்னோடு சேர்ந்து விடத் தொடங்கினாள், இரண்டு விளக்கும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி இறங்கின. எத்தனையோ வருட வீடியோ கோல்களில் அவள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

அடுத்த நாளே, "நான் சொல்லாததை எல்லாம் இது சொல்லுது, நிறுத்திடுடா" என்றாள். அது நியாயம்தான். இப்போது அவரவர் விளக்கு அவரவர் கையில், விரும்பினால் மட்டும் போடுகிறோம்.

சரி, நண்பனுக்குப் பதில்: இப்போது வாங்காதே. அந்த 'பதற்றம்' எழுத்தை எடுத்துவிடக்கூடிய அவதார் கிடைக்கும்வரை பொறு. கைப்பட்டி மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.