நின்ற கார் காலையில் பிடிக்கவில்லையா? இந்த ஃப்யூயல் பிரஷர் கேஜ் பேசும்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இரவு முழுக்க நின்ற கார் உடனே பிடிப்பதில்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை கிடையாது. உங்கள் பழைய இன்ஜெக்ஷன் காரும் இப்படியென்றால், டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்பும் பம்ப்பை மாற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கும் முன், பெட்ரோல் லைனின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு ஃப்யூயல் பிரஷர் கேஜ் வாங்கிவிடுங்கள். நான் வாங்கியதில் 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் டயல், நீளமான ஹோஸ், அழுத்தத்தை வெளியேற்ற ஒரு பட்டன், சில அடாப்டர்கள் இருந்தன. ஒரு குறை தவிர எனக்கு முழுத் திருப்தி.

கேஜை மாட்டும் முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. பேட்டரியைப் பாருங்கள்: வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்து, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓரிரு நொடி ஓடி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்த பிறகு வண்டி சட்டென்று பிடித்தால், நின்ற நேரத்தில் லைனில் அழுத்தம் இறங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஏன் இறங்கியது என்பதற்குத்தான் கேஜ்.

என் காரில் ஃப்யூயல் ரெயிலிலேயே (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) டயர் வால்வு மாதிரி ஒரு வாய் இருப்பதால் மாட்டுவது எளிது. எல்லா வண்டியிலும் அது இருக்காது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது, சிந்தும் பெட்ரோலைப் பிடிக்கத் துணி வேண்டும்.

இனி முள்ளைப் பாருங்கள். வண்டியை நிறுத்தியதும் சூட்டில் அழுத்தம் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சில நிமிடங்களிலேயே சரசரவென்று இறங்கினால்தான் கோளாறு. மறுபடி அழுத்தம் ஏற்றி, பம்ப் நின்றதும், மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை கிளாம்ப்பால் அழுத்திப் பிடியுங்கள். முள் இறங்காமல் நின்றால், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசிகிறது. அதிலிருந்து இன்ஜினின் காற்றுப் பாதைக்குப் போகும் வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா? ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. ரிட்டர்னை அழுத்தியும் இறங்கி, பம்ப்பிலிருந்து வரும் ஹோஸை அழுத்தும்போது மட்டும் நின்றால் டேங்க் பக்கம்: பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வு, அல்லது டேங்குக்குள் இருக்கும் ஹோஸ். இரண்டுக்கும் நிற்காவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பாருங்கள். அப்படிச் சொட்டும் வண்டி, பிடிக்கும்போது பெட்ரோல் வாடையும் கரும்புகையும் விடும். பிளாஸ்டிக் லைனை மட்டும் ஒருபோதும் அழுத்தாதீர்கள், விரிசல் விட்டுவிடும். ரிட்டர்ன் லைனே இல்லாத வண்டிகளில், கோளாறு டேங்க் பக்கமா ரெயில் பக்கமா என்பது வரைதான் இந்தச் சோதனை சொல்லும்.

என் காரில் ரிட்டர்னை அழுத்தியதும் முள் அசையாமல் நின்றது. ரெகுலேட்டரை மட்டும் மாற்றினோம், பழைய பம்ப் இன்றும் ஓடுகிறது. அந்த முள் நின்றதைப் பார்த்தபோது வந்த நிம்மதிக்காகவே இதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குறை என்னவென்றால் அந்த வெளியேற்றும் பட்டன். அழுத்தாதபோதும் அதன் டியூப் வழியாக லேசாகக் கசிகிறது. அந்தக் கசிவே அழுத்தத்தை இறக்கி, வண்டியில் கோளாறு என்று தவறாகக் காட்டும். டியூப் நுனியை ஒரு காய்ந்த டிஷ்யூவில் வைத்துவிட்டுச் சோதியுங்கள். நனைந்தால் அந்த அளவீட்டை நம்பாமல், பட்டனைச் சிலமுறை அழுத்தி விட்டுத் திரும்பப் பாருங்கள். இவ்வளவு உபயோகமான கருவியில் இந்த ஒரு பாகத்தை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். அங்கே அழுத்தம் சில பிஎஸ்ஐதான், இந்த டயலில் முள் அசைவதே தெரியாது. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓடாதபோது கையால் த்ராட்டிலைத் திறந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால், நின்ற நாட்களில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.