மனநலச் செவிலியர் அடிப்படைப் பயிற்சி: மருந்துப் பாடம் பிரமாதம், டிமென்ஷியா பாடம் சுமார்

நான் பொது மருத்துவ வார்டு நர்ஸ். மனநலப் பிரிவில் வேலை பார்த்ததில்லை. ஆனால் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நிமோனியா வரும், கால் உடையும். அப்போது எங்களிடம்தான் வருவார்கள். அதற்காகத்தான் இந்த ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன்.

மருந்துப் பாடத்துக்காகவே இதை எடுக்கலாம். பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காமல், மாத்திரை கொடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து எடுப்பவர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறார், நின்றாலும் கால் மாற்றி மாற்றி நிற்கிறார். பார்த்தால் நோய் முற்றியது போலத்தான் இருக்கும். அது அகதீசியாவாக இருக்கலாம், அதாவது மருந்தே உண்டாக்கும் தவிப்பு. 'ஆவேசமாக இருக்கிறார்' என்று மட்டும் சார்ட்டில் எழுதினால் டோஸ் ஏறும், தவிப்பும் சேர்ந்து ஏறும். இதற்கென்றே தனி வீடியோ. நோயாளியாக நடித்தவர் அசத்திவிட்டார்.

பைபோலார் எனும் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் பற்றிய பாடமும் அதே தரம். கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தொடர் சிகிச்சையில் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல், வயிற்றுப்போக்கும் இபுப்ரோஃபனும் அதை ஏற்றிவிடும். கை நடுக்கம் அதிகமாகி நடை தள்ளாடினால், அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குளோசபைன் என்ற மனநோய் மருந்து என்றால் காய்ச்சல், தொண்டை வலி, வெள்ளணுக்கள் குறைவது என்று எல்லோரும் சொல்வார்கள். மலச்சிக்கலும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று இதில் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு வந்தால் கை சோர்ந்துவிடுகிறது. டாக்டர் அல்சைமர் 1906-ல் விவரித்த நோயாளி, மூளைப் படங்கள், நோயின் நிலைகள் என்று பாதி நேரம் ஓடிவிடுகிறது. வார்டில் வேண்டியது வேறு. நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால் முதலில் டெலிரியத்தை, அதாவது உடல் கோளாறாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும்: சிறுநீர்த் தொற்றா, வலியா, மலம் இறுகியிருக்கிறதா, புது மாத்திரையா? இதற்கு ஒரே ஒரு ஸ்லைடு! டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்காட்டிக் (மனநோய் மருந்து) கொடுத்தால் இறப்பு அபாயம் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-ல் எச்சரித்தது ஒரு வரியில் வந்து போகிறது. ஹாலோபெரிடாலை அவ்வளவு அருமையாக நடத்தியவர்கள், லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவில் அது உடம்பை இறுக்கிப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும் என்பதைச் சொல்லவே இல்லை.

அப்புறம் அந்தத் தேர்வு. எப்போதோ இறந்துபோன அம்மாவைத் தேடி அழும் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி. 'அம்மா இறந்துவிட்டார் என்று பொறுமையாக நினைவூட்டுவேன்' என்பதுதான் சரியான விடையாம்! ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டி சாவுச் செய்தியைப் புதிதாகக் கேட்க வேண்டுமா? 'உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்க பாட்டி' என்ற விடையும் அதில் இருந்தது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன், மதிப்பெண் போனது. பயிற்சி நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. நீங்கள் சேர்ந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், மற்றதை வைத்தே பாஸாகிவிடலாம்.