தஞ்சையா, மதுரையா? தெலுக் இந்தானிலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் தெலுக் இந்தானிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் வேன் பேசி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் குடும்பங்களிடம் எங்கே பயணம் என்று கேட்டால், “தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு” என்பார்கள். தமிழ்நாடு என்ன, பேராக் அளவா? ஒரு வார லீவில் அறுபடை வீடு, நவகிரகம், ராமேஸ்வரம் எல்லாவற்றையும் திணிக்கும் பேக்கேஜில் போனால் கோயிலைவிட வேன் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஒரே வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் போட்டி இரண்டுக்குத்தான்: தஞ்சாவூர்–கும்பகோணம், மதுரை–காரைக்குடி.

இரண்டுக்கும் வாசல் திருச்சி. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம், சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மதுரை சுமார் 135. முட்டிவலியோடு பாட்டியும் வருகிறார் என்றால் முதல் நாளே இந்த வித்தியாசம் தெரியும்.

ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயில், 216 அடி விமானம், ஒரே கல்லில் நந்தி. இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். நம்மவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது அங்குள்ள ஒரு கல்வெட்டை. 1025 வாக்கில் ராஜேந்திரன் கடல் தாண்டிப் படை அனுப்பி சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசை அடித்தான். வென்ற ஊர்களின் பட்டியல் அந்தக் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் கடாரம் வருகிறது. நம்முடைய கெடாதான். இதில் வேடிக்கை, ஒரு தலைமுறைக்கு முன்னால் இரு தரப்பும் நல்ல உறவில் இருந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதிக் கொடுத்தான். அப்பா தானம் கொடுத்தார், மகன் படையெடுத்தான். அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் பிற்காலத்தில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பல்களும் கிளம்பின. பழைய கோயில் இடிபாடுகள் இருக்கும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், “இன்னும் எத்தனை கோயில்?” என்ற முனகல் குறையும்.

காரைக்குடிப் பக்கம் நம் கதை வேறு மாதிரி. கானாடுகாத்தானில் தெருத்தெருவாக நிற்கும் நகரத்தார் (செட்டியார்) மாளிகைகள், பர்மாத் தேக்குத் தூண்கள் எல்லாவற்றின் பின்னாலும் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து நடந்த வட்டித்தொழில் இருக்கிறது. நம்மூர் தெண்டாயுதபாணி கோயில் யாருடையது? அதே நகரத்தாருடையதுதான். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகின்றன. பிள்ளைகளுக்கு அரண்மனை, தாத்தாவுக்கு வட்டி கட்டிய ஞாபகம் வந்தாலும் வரலாம். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதையும் பார்த்துவிடலாம். பிள்ளையார்பட்டி குடைவரைக் கோயிலும் அதே பக்கம்தான்.

கும்பிடுவதுதான் நோக்கம் என்றால் மதுரை முந்துகிறது. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில், பரந்து விரிந்து, அமைதியாக இருக்கும். பூஜை நடந்தாலும் சுற்றிப்பார்க்க வந்தவர்கள்தான் கண்ணில் படுவார்கள். மீனாட்சி கோயிலில் பூ வாசமும் நெரிசலும் மேளமும் சேர்ந்து உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். இரவு சுந்தரேசுவரரைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதைப் பார்க்காமல் அறைக்குத் திரும்பாதீர்கள். கைப்பேசியை மட்டும் வெளியே ஒப்படைக்க வேண்டும். சித்திரைத் திருவிழா ஆசை இருந்தால் ஒரு சிக்கல்: அழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில், நம்மூர் தெண்டாயுதபாணிக்கும் அதுதான் பெரிய நாள். ஒரு வருடம் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, மதுரைதான். கும்பகோணம் டிகிரி காப்பி ஆறுதல் பரிசு. ஜாதகம் பார்த்து நவகிரகம் சுற்ற வேண்டியவர்களுக்கும் யோசனை தேவையில்லை. ஒன்பதும் காவிரிப் பக்கம்தான்.

அப்புறம் மத்தியானம். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையில் அந்த நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகாலும், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் இருக்கின்றன. தஞ்சையில் அரண்மனையும் சரசுவதி மகாலும் ஒரு மத்தியானத்துக்குத் தாங்கும். கும்பகோணத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு என் ஓட்டு தஞ்சைப் பக்கம்தான். காரணம் பெரிய கோயில்கூட இல்லை, தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும். தாராசுரத்தில் அறுபத்துமூவர் கதைகள் சின்னச்சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. குனிந்து, உட்கார்ந்து, நிதானமாகப் பார்க்கலாம், பின்னாலிருந்து யாரும் தள்ளமாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். கடாரம் வரை கப்பல் அனுப்பியவனின் தலைநகரில் இன்று நிமிர்ந்து நிற்பது அந்தக் கோயில் மட்டும்தான். கும்பகோணத்திலேயே அறை எடுத்துக்கொண்டால் தினமும் பெட்டி கட்டும் வேலையும் இல்லை.

ஆனால் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் மதுரையைப் பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் காவிரிப் படுகையைத்தான் அதிகம் அடிக்கும். மதுரையில் அப்போது ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், ஆனால் மழையைவிட வரிசை மேல். மே மாதம் இரண்டுமே வேண்டாம், கருங்கல் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. தை, மாசிதான் வசதி. 2028 மாசியில் மட்டும் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. பன்னிரண்டு வருடக் கூட்டம் ஒரே குளத்தைச் சுற்றி நிற்கும். பாட்டியோடு முதல் தடவை போகிறவர்கள் அந்த மாதம் காரைக்குடிக்கு டிக்கெட் போடுங்கள்.