பி.என்.பி., என்.பி.என்., இரண்டு ஒயர்: பி.எல்.சி. இன்புட்டுக்கு எந்த சென்சார்?

மெஷினை இயக்கும் கண்ட்ரோலரான பி.எல்.சி.க்குப் புதிதாக பேனல் கட்டுகிறீர்களா? பி.என்.பி., என்.பி.என். என்பவை சென்சார் சிக்னல் கொடுக்கும் இரண்டு முறைகள்; அதில் பி.என்.பி. சென்சாரையே வாங்குங்கள். ஏற்கெனவே என்.பி.என்.-இல் ஓடும் பழைய ஜப்பானிய மெஷின் என்றால் அதை மாற்றாதீர்கள். சாதாரண ப்ராக்சிமிட்டி சென்சார்களில் (பொருள் அருகில் வந்தால் தொடாமலே உணர்பவை) வேகம், உணரும் தூரம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒயர் பழுதாகும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

மூன்று ஒயர் டி.சி. சென்சாரில் பழுப்பு +24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். எம்12 கனெக்டரில் இவை முறையே 1, 3, 4-ஆம் பின்கள். ஆன் ஆனதும் பி.என்.பி. கறுப்பு ஒயருக்கு 24 வோல்ட்டைக் கொடுக்கும், என்.பி.என். அதே ஒயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். அதனால் இன்புட்டின் காமன் (இன்புட்டுகளின் மறுமுனைகள் சேரும் பொது டெர்மினல்) எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200-இல் பி.என்.பி.க்கு 1எம் டெர்மினலை 0 வோல்ட்டிலும், என்.பி.என்.-க்கு +24-லும் கட்டுங்கள். மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யு-வில் எஸ்/எஸ் டெர்மினலுக்கும் இதே கணக்கு. சிங்க் (கரண்ட்டை உள்ளிழுப்பது), சோர்ஸ் (கரண்ட்டைக் கொடுப்பது) என்ற பெயர்களைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி சொல்வதால், காமன் எங்கே போகிறது என்று படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இனி பழுது. பெரும்பாலான பேனல்களில் 24 வோல்ட் சப்ளையின் 0 வோல்ட் எர்த் செய்யப்பட்டிருக்கும். கேபிள் உரசித் தோல் போய், கறுப்பு ஒயர் மெஷின் பாடியில் படுகிறது என்று வையுங்கள். பி.என்.பி. என்றால் இன்புட் அணைந்துவிடும். சென்சாரில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருந்தால் அதுவும் தப்பும். என்.பி.என். என்றால் பி.எல்.சி.க்கு அது ஆன் சிக்னல்: பொருள் இல்லாமலே ‘பொருள் வந்துவிட்டது’ என்று எண்ணி சிலிண்டர் அடித்துவிடும். கை உள்ளே இருக்கக்கூடிய இடத்தில் இதை ஏற்கவே முடியாது. ஆனால் நசுங்கிய கேபிளுக்குள் பழுப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்டால் பி.என்.பி.யும் பொய் ஆன் காட்டும். ஆகவே ஆளைக் காக்கும் வேலையை இரண்டிடமும் விடாதீர்கள். அதற்கென்று சேஃப்டி சென்சாரும் சேஃப்டி ரிலேயும் போடுங்கள்.

ஒரே காமனில் இரண்டையும் கலக்க முடியாது. எஸ்7-1200 சி.பி.யு. 1214சி-யில் 14 இன்புட்டுக்கும் ஒரே 1எம்தான். பி.என்.பி. பேனலில் ஒரே ஒரு என்.பி.என். சென்சார் வந்து மாட்டிக்கொண்டால், பலர் கறுப்புக்கும் +24-க்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். 2.2 கிலோ ஓம் போட்டால், இன்புட் இழுக்கும் 4 மில்லிஆம்பியரில் சுமார் 9 வோல்ட் விழும். மீதி 15, அதாவது ஆன் எல்லையின் விளிம்பு. 1 கிலோ ஓம் போட்டால் வேலை செய்யும், ஆனால் சென்சார் ஆன் ஆகும்போது அதில் 0.6 வாட் சூடு. 1 வாட் ரெசிஸ்டராவது வேண்டும். சிக்னலும் தலைகீழாகும், கறுப்பு ஒயர் அறுந்தால் இன்புட் ஆன் ஆகவே நிற்கும். என் தேர்வு ஆப்டோகப்ளர் டெர்மினல் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்துவது), அல்லது தனி காமன் உள்ள எக்ஸ்டென்ஷன் மாட்யூல்.

இரண்டு ஒயர் சென்சார் ஒயரிங்கை மிச்சப்படுத்தும், இரண்டு வகை இன்புட்டிலும் வேலை செய்யும். ஆனால் அணைந்திருக்கும்போதும் தன் உயிருக்காகக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும்: ஐ.இ.சி. 60947-5-2 தரநிலை இதற்கு 1.5 மில்லிஆம்பியர் வரை அனுமதிக்கிறது. எஸ்7-1200 இன்புட்டின் ஆஃப் எல்லையோ 5 வோல்ட், 1 மில்லிஆம்பியர். விளைவு, பொருள் போன பிறகும் இன்புட் அணையாமல் போகலாம். இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் அது விழுங்கிக்கொள்ளும். ஆன் நிலையில் இந்த சென்சாரில் 8 வோல்ட் வரை விழலாம் என்பதையும் பாருங்கள். நீண்ட கேபிளோடு சப்ளை 22-க்கு இறங்கியிருந்தால் ஆன் எல்லையான 15 வோல்ட்டை எட்டாது. சிலிண்டர் ரீட் சுவிட்சை (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) தவிர வேறெங்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சென்சார் எல்.இ.டி. எரிகிறது, பி.எல்.சி. எல்.இ.டி. எரியவில்லை என்றால், சென்சாரை ஆன் நிலையில் வைத்து மீட்டர் பிடியுங்கள். கறுப்பு–நீலம் இடையே 24 வோல்ட்டை ஒட்டி வந்தால் பி.என்.பி. நன்றாக இருக்கிறது, என்.பி.என்.-க்கு பழுப்பு–கறுப்பு இடையே பாருங்கள். அது சரியாக இருந்தால் கோளாறு காமனில்: ஒன்று அது தவறான பக்கம் கட்டப்பட்டிருக்கும், இல்லையேல் சென்சாருக்குத் தனி சப்ளை கொடுத்துவிட்டு இரண்டு 0 வோல்ட்டையும் இணைக்க மறந்திருப்பார்கள்.