செம்மண்ணா, நார்க்கழிவா: பொள்ளாச்சி மாடிக்கு எது தாங்கும்?

பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லைவரை நார் மில்லுக்குப் பஞ்சமில்லை. தேங்காய் நார் பிரிக்கும்போது உதிரும் தூளான நார்க்கழிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மாடித்தோட்டத்துப் பை முழுக்க அதையே நிரப்புகிறவர்கள் உண்டு. மண்ணில்லாமல் என்ன வெள்ளாமை என்று தோட்டத்துச் செம்மண்ணை மாடிக்குச் சுமப்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் பாதிதான் சரி.

எடையில் நார்க்கழிவுக்கே வெற்றி. 12 லிட்டர் வாளியில் நனைந்த செம்மண் கலவை ஏறத்தாழ 18 கிலோ வரும். நார்க்கழிவு மிகுந்த கலவை அதில் பாதிதான். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது, குச்சி கட்டிய தக்காளியோடு சாய்வதும் அந்த லேசான பைதான்.

செம்மண்ணின் கோளாறு இறுகுவது. காய்ந்தால் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே அடியில் ஓடிவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, 10 நிமிட இடைவெளியில் இரண்டு தடவையாக ஊற்றினால்தான் உள்ளே இறங்கும். தக்காளி போட்ட வயலிலிருந்து மண் எடுத்தால் நூற்புழுவும் கூடவே வரலாம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி 4 முதல் 6 வாரம் விட்டால் குறையும்.

நார்க்கழிவில் பலரும் கோட்டைவிடுவது கழுவுவதில். மில்லிலிருந்து நேராக வந்த புதுக் கழிவில் உப்பும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதிகம். அப்படியே நட்டால் இலை நுனி கருகும். அழுத்திய நார்க்கழிவுக் கட்டி என்றால், 5 கிலோ கட்டியைத் தொட்டியில் 25 லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிழிந்து வடித்து, மறுபடி நனைத்து வடிக்க வேண்டும். முதல் தண்ணீர் பால் சேர்க்காத கட்டஞ்சாயா நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை கழுவுவதை நிறுத்தக்கூடாது. கழுவியபின்னும் அதில் சத்தென்று சொல்ல அதிகமில்லை. மக்காத கழிவாக இருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போட்ட தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். அடியிலை மஞ்சளாவது அதனால்தான். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் வேர் அழுகும்.

ஆகவே இந்தப் பக்கத்து மாடிக்குக் கலவைதான்: கழுவிய நார்க்கழிவு இரண்டு சட்டி, செம்மண் ஒன்று, மக்கிய எரு ஒன்று, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எருக் குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. கீரைக்கு மண் அளவைக் குறைக்கலாம். கத்திரிக்கு இரண்டு சட்டியாக்கலாம், காற்றுக்கும் நிற்கும். அடியில் ஓட்டுச்சில்லு அடுக்குவது வீண்வேலை. ஓட்டை அடையாமல் ஒன்று வைத்தால் போதும்.

விளைச்சல் முடிந்தபின் கலவை தாழ்ந்திருக்கும். கொட்டிவிடாமல், பழைய வேரைப் பொறுக்கி, கால் பங்கு புது எரு சேர்த்து, அடுத்த போகத்துக்கு அவரையோ தட்டைப்பயறோ போடலாம். தக்காளியில் வாடல் வந்த பை என்றால் அதில் கத்திரி, மிளகாய் வேண்டாம்.