நீள ஓட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: ஓர் ஓட்டக்காரரின் மதிப்பீடு

வயிற்றுப்போக்குக்கென்று மருந்துக்கடையில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) பாக்கெட்டைச் சென்னையில் நீண்ட தூரம் ஓடிப் பழகும் பலர் ஓட்டப் பையில் வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட் ஏறத்தாழ 20 ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கென்று விளம்பரம் செய்யப்படும் பானங்களுக்கும் கரையும் மாத்திரைகளுக்கும் இதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காக ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்கும் ஒருவருக்கு இந்தப் பாக்கெட் எதுவரை உதவும் என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடி முடித்தபின் குடிப்பதற்கு இந்த விலையில் இதற்கு நிகரானது இல்லை, ஆனால் ஓடும்போது இதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் திருத்தி அமைத்த வாய்ப்பாட்டின்படி, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் ஆகியவை இருக்கும்; மொத்த எடை 20.5 கிராம். இந்தியக் கடைகளில் கிடைப்பவற்றில் மணமும் சுவையும் சேர்ப்பதால் எடை சற்றுக் கூடும். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயிலின் வழியாகச் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து தண்ணீரும் உறிஞ்சப்படுகிறது. 1971-இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், சிரை வழியே ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு இத்தகைய கரைசலை வாய்வழியாகக் கொடுத்துப் பெருந்தொகையானோரைக் காப்பாற்றியதும் இந்த இயக்கத்தை நம்பித்தான்.

நோயாளியின் குடலுக்காக வகுத்த இந்த அளவு ஓட்டக்காரரின் வியர்வைக்குப் பொருந்துமா என்பதே அடுத்து வரும் கேள்வி. இந்தக் கரைசலின் ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் (கரைந்திருக்கும் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) சோடியம் இருக்கிறது. வியர்வையில் இருக்கும் சோடியமோ ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். சிலருக்கு லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவிலும், சிலருக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்காகவும் இருக்கும். ஓடி முடித்தபின் கறுப்புத் தொப்பியின் விளிம்பிலும் பனியனிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நீங்கள் இரண்டாம் வகைக்கு அருகில் இருக்கலாம் என்று கருதலாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விடிவதற்கு முன்பே தொடங்கினாலும், காற்றில் இருக்கும் ஈரப்பதம் வியர்வையை ஆவியாக விடுவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை என்பதால், உடல் மேலும் மேலும் வியர்த்துக்கொண்டே போகிறது. ஷூவுக்குள் தண்ணீர் சளசளக்கும் அளவுக்கு நனைவது இங்கே புதிதல்ல.

அப்படிப்பட்ட ஓட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பாக்கெட் தன் விலைக்கு மேல் வேலை செய்கிறது. ஓடுவதற்கு முன்பும் பின்பும் குறைந்த உடைகளோடு எடை பார்த்துக்கொண்டால், குறைந்த எடை ஏறத்தாழ இழந்த நீரைக் காட்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம் சில மணி நேரத்தில் பரவலாகக் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கூடுதலாகச் சொல்லப்படும் அந்த அரை லிட்டர், குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதற்கான ஈடு. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இரத்தம் நீர்த்து, தாகம் சீக்கிரமே அடங்கிவிடும். சிறுநீரகமோ தேவைப்படும் நீரையும் சேர்த்து வெளியேற்றிவிடும். சோடியம் உடனிருந்தால் நீர் உடலில் தங்குகிறது, தாகமும் தேவை தீரும்வரை நீடிக்கிறது. மதியம்வரை தலை கனப்பதும் எத்தனை முறை தண்ணீர் குடித்தாலும் சோர்வு விலகாததும் ஓட்டக்காரர்களுக்குப் பழகிய தொல்லைகள்; நீரிழப்பே காரணமாக இருந்தால், காலை உணவோடு ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். அதைக் கணிசமாகக் குறைக்கிறது.

ஓடும்போது குடிப்பதில்தான் சிக்கல். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்கிறார்கள். இந்தக் கரைசலில் ஒரு லிட்டருக்கு இருப்பதோ 13.5 கிராம் குளுக்கோஸ். அதாவது சுமார் 54 கலோரி. அதையே நம்பி 30 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருள் தீர்ந்து நிற்க வேண்டிவரும். ஆகவே இதோடு ஜெல்லோ, பேரீச்சம்பழமோ, கடலைமிட்டாயோ தனியாகத் தேவைப்படும். எரிபொருளையும் உப்பையும் ஒரே புட்டியில் எதிர்பார்ப்பவர்களுக்கு, ஆறு விழுக்காடு அளவில் சர்க்கரை சேர்த்த விளையாட்டுப் பானமே வசதியானது. அதில் சோடியம் இதைவிட மிகக் குறைவு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

கையில் பிடித்து ஓடும் புட்டி பெரும்பாலும் அரை லிட்டர்தான் கொள்ளும். பெரிய பாக்கெட்டைப் பாதியாகக் கண்ணளவில் பிரிப்பது சரிவராது, பிரித்த மீதித்தூளும் கடற்கரைக் காற்றில் கட்டிதட்டிப் போகும். முந்தைய நாள் இரவே ஒரு லிட்டர் முழுவதையும் கரைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை ஊற்றிக்கொள்வதே நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். 200 மில்லிலிட்டருக்கான சிறு பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன, பயணத்துக்கு அவையே உசிதம். வயிற்றுப்போக்குக்காகக் கரைக்கும்போது அளவு இம்மியும் மாறக்கூடாது. ஆனால் ஆரோக்கியமான ஒருவர் ஓடும்போது குடிப்பதற்காகச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பது மட்டும் எக்காலத்திலும் கூடாது. அது வயிற்றைப் புரட்டும், உப்பும் மிஞ்சும்.

உப்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் அளவில்லாமல் குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்ததே அதோடு மிகவும் தொடர்புடைய காரணமாகத் தெரிந்தது. நம் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கிறது. 75 மில்லிமோல் கொண்ட ஓ.ஆர்.எஸ்.கூட இரத்தத்தைவிட நீர்த்ததுதான். ஆகவே தாகத்துக்கு மேல் குடித்தால் இதுவும் காப்பாற்றாது. நான்கைந்து மணி நேரம் மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பதால் அவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

சுவையைப் பற்றி இரண்டு வார்த்தை. வியர்க்காத நாளில் இதைக் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும். இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டுக் குடித்தால் அதே கரைசல் இனிக்கும். ஆரஞ்சுச் சுவையைவிட எலுமிச்சையே நாக்கில் ஒட்டாமல் இறங்குகிறது. இளநீரே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் அந்த வகையில் இளநீரைவிட நெருக்கமானவை, ஆனால் அவற்றில் உப்பின் அளவு போடுகிறவர் கையைப் பொறுத்தது.

வாங்கும்போது உறையைப் படிப்பது அவசியம். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைப் பல மடங்கு சேர்த்து, அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்ட பானங்கள் நெடுங்காலம் மருந்துக்கடைகளிலேயே இருந்தன. வாய்ப்பாட்டுக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. பழைய வழக்கத்தில் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டினால், உலக சுகாதார நிறுவன வாய்ப்பாடு என்ற குறிப்பும், கரைசலின் மொத்தச் செறிவைக் காட்டும் லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் என்ற அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கால்வலிக்கு இதைக் குடிக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நீள ஓட்டத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையில் ஏறும் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது. அதற்கு உறக்கமும் புரதமுள்ள உணவும் சில நாள் ஓய்வுமே வழி. கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்கும் உப்புக் குறைவே காரணம் என்பது உறுதிப்படவில்லை. பழக்கத்துக்கு மீறிய வேகத்தில் தசை களைத்துப்போவதே காரணம் என்று கருதுவோர் இன்று மிகுதி.

இன்னொன்று, ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்கள் நாள் முழுவதும் 2 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் இது பெரும்பகுதி. சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் அன்றாடம் உண்கிற நமக்கு, வார நாட்களில் ஓடும் ஐந்து, ஆறு கிலோமீட்டருக்கெல்லாம் இது தேவையே இல்லை; தண்ணீரும் காலை உணவும் போதும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள், இதில் பொட்டாசியமும் இருப்பதால், தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.